மூன்று நாள் ராமேஸ்வரம்: திட்டமிடல் மரபும் ஈரத்துணிச் சிக்கலும் – ஓர் ஆய்வு

ஆதிகாலந்தொட்டே மனிதன் தீவுக்குப் போகத் திட்டம் போட்டு வந்திருக்கிறான். (தமிழில் எந்த ஆய்வேடும் 'ஆதிகாலந்தொட்டே' என்றுதான் தொடங்க வேண்டும். தேங்காய் பற்றியதானாலும் டயர் பற்றியதானாலும் விதி ஒன்றே.) போட்ட திட்டப்படி போய்வந்தவர் எவரும் இருந்ததாகக் கல்வெட்டிலோ செப்பேட்டிலோ வாட்ஸ்அப்பிலோ சான்று இல்லை. ராமர் போனாரே என்பர் சிலர். அவர் போனது வேறு வேலையாக; அதை விடுமுறைக் கணக்கில் சேர்ப்பது பொருந்தாது.

ஆய்வு எல்லை: பாம்பன் தீவு. மேற்கே பாலம், கிழக்கே அரிச்சல்முனை, மற்ற இரு பக்கமும் கடல். காலம்: மே மாதத்தில் மூன்று பகல், இரண்டு இரவு. ஆய்வுக்கு உட்பட்டோர்: மதுரையிலிருந்து ஒரே வேனில் கிளம்பிய 14 பேர். முதன்மை ஆதாரம்: குடும்ப வாட்ஸ்அப் குழு. துணைமை ஆதாரம்: பெரியப்பா. கருதுகோள் என்று ஒன்றும் இருந்தது. முடிவு எப்படி வந்ததோ அதற்கு ஏற்றபடி அதைக் கடைசியில் திருத்திக்கொண்டேன். முனைவர் பட்டத்துக்கே அவ்வளவுதான் செய்கிறார்கள். நன்றியுரையை நான்கு பக்கம் எழுதும் வழக்கத்தை மட்டும் விட்டுவிட்டேன். நன்றி சொல்ல எனக்கு இருப்பவர் வேன் ஓட்டுநர் ஒருவர்தான்.

இயல் 1: தீர்த்தவாதிகளும் மீன்வாதிகளும்

ராமேஸ்வரம் போவது யாத்திரையா, உல்லாசப் பயணமா? இந்தக் கேள்வியில் எங்கள் குடும்பம் இரண்டு பள்ளிகளாகப் பிரிந்தது. அத்தை தலைமையிலான தீர்த்தவாதிகள், கோயிலின் 22 தீர்த்தத்திலும் குளித்த உடம்புக்குள் மீன் போனால் குளித்த புண்ணியம் கழிந்துபோகும் என்றனர். சித்தப்பா தலைமையிலான மீன்வாதிகள், அப்படியானால் முதலில் மீனைத் தின்றுவிட்டுப் பிறகு குளித்தால் மீன் கழிந்துபோகும் அல்லவா என்று மடக்கினர். பேச்சுவார்த்தை பதினோரு நாள் நடந்தது. முதல் நாள் தீர்த்தம், இரண்டாம் நாள் மீன் என்று முடிவாயிற்று. மூன்றாம் நாள் குறித்து ஒப்பந்தம் மௌனம் சாதிக்கிறது.

இயல் 2: மூலபாடமும் இடைச்செருகலும்

அக்கா மகன் எக்செல்லில் போட்ட அட்டவணையே மூலபாடம். எல்லா வரிக்கும் 45 நிமிடம்; கோயிலுக்கும் 45, டீக்கும் 45. இரண்டாம் நாள் காலை 11 மணிக்கு 'புதுப் பாலம் தூக்குவதைப் பார்த்தல்' என்று ஒரு வரி. 2025 ஏப்ரலில் திறந்த அந்த ரயில் பாலத்தில் 72.5 மீட்டர் நீளத்துக்கு ஒரு பகுதி செங்குத்தாக மேலே ஏறும் என்பது உண்மைதான். ஆனால் அது கப்பல் வந்தால் ஏறும். எக்செல் வந்தால் ஏறாது.

இந்த மூலபாடத்துக்குள் அத்தை செருகியவை மூன்று: தேவிபட்டினம், திருப்புல்லாணி, உத்திரகோசமங்கை. மூன்றுக்கும் அவர் காட்டிய ஆதாரம் ஒன்றே: "வழியிலதானப்பா இருக்கு" (அத்தை, தொலைபேசி உரை, இரண்டாம் காப்பிக்குப் பின்). ராமநாதபுரத்துக்கு வடகிழக்கே கடலோரம் தேவிபட்டினம், தெற்கே திருப்புல்லாணி, தென்மேற்கே உத்திரகோசமங்கை. இம்மூன்றும் ஒரே வழியில் இருக்க வேண்டுமானால் அந்த வழி ஒரே நேரத்தில் மூன்று திசையில் போக வேண்டும். 'வழி' என்பதற்கு ஈண்டுச் சாலை என்று பொருள் கொள்வது பிழை. 'ஏற்கெனவே வேனில் ஏறி உட்கார்ந்தாயிற்று' என்பதே பொருள் என்க.

சித்தப்பாவின் பங்களிப்பு ஒரே சொல்: "பார்க்கலாம்." அவர் தனுஷ்கோடியைப் பார்க்கலாம் என்றாரா, வருவதைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்றாரா, பணம் யார் போடுகிறார்கள் பார்க்கலாம் என்றாரா என்று உரையாசிரியர்கள் வேறுபடுவர். அவரையே கேட்டோம். "பார்க்கலாம்" என்றார்.

1964 டிசம்பர் புயலில் சிதைந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தை, பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சீர்செய்தார்கள். எங்கள் திட்டம் முடிவாக 52 நாள் பிடித்தது. அங்கே கடலுக்குள் போன கர்டரைத் தூக்கினார்கள். இங்கே சித்தப்பாவைத் தூக்க வேண்டியிருந்தது.

இயல் 3: உணவு

அட்டவணையில் இரண்டாம் நாள் மதியம் 'வஞ்சிரம்' என்று தடித்த எழுத்தில் இருந்தது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் என்பது அதில் இல்லை. மீன் குஞ்சு பொரிக்கும் காலம் என்று விசைப்படகுகள் அத்தனையும் கரையில் கட்டிக் கிடந்தன. சிறு நாட்டுப்படகுகள் மட்டும் கரைக்குப் பக்கத்தில் போய் வந்தன. தனுஷ்கோடியில் கீற்றுக்கொட்டகை போட்டு மீன் பொரிக்கும் அம்மா ஒருவர், மசாலா தடவிய ஊளியும் ஒரு தட்டு நெத்திலியும் காட்டினார். "இதான்ணே இருக்கு. நேத்து ராத்திரி வலை." சித்தப்பா வஞ்சிரம் கேட்டார். "வஞ்சிரம் வேணும்னா ஒங்க ஊர்லயே இருக்குமே, ஐஸ்ல வச்சு" என்றார் அந்த அம்மா, எண்ணெயிலிருந்து கண்ணை எடுக்காமல். சித்தப்பா ஊளி தின்றார். நான்கு. இதற்குமேல் இத்துறையில் ஆய்வு தேவையில்லை.

இயல் 4: சாகசம்

கடல் சாகசத்துக்குப் பெயர் கொடுத்தவர் ஆறு பேர். கடலைப் பார்த்தபின் மிஞ்சியவர் ஒருவர். மிதவைச் சட்டை அவருக்குப் பத்தவில்லை.

இயல் 5: கைவினை, அல்லது சங்கின் எந்தப் பக்கம் வலம்

சந்நிதித் தெருக் கடைகளில் சிப்பித் திரை, சிப்பிக் கண்ணாடிச் சட்டம், பெயர் எழுதிய சோழி எல்லாம் தொங்கின. பெரியப்பாவுக்கு இவற்றில் நாட்டமில்லை. அவருக்கு வலம்புரிச் சங்கு வேண்டும். இங்கேதான் உலக ஆய்வுலகையே உலுக்க வேண்டிய ஒரு செய்தி இருக்கிறது.

நாம் வலம்புரி என்று கும்பிடும் சங்கை விலங்கியலார் இடப்பக்கச் சுழி என்கிறார்கள். அவர்கள் சங்கின் சுருள் உச்சி மேலே இருக்கும்படி நிறுத்தி, வாயைத் தம் பக்கம் திருப்பிப் பார்க்கிறார்கள். வாய் இடப்பக்கம் இருக்கிறது. நம் மரபில் உச்சி கீழே இருக்கும்படி பிடித்துப் பார்க்கிறோம். வாய் வலப்பக்கம் இருக்கிறது. சென்னை மாகாண மீன்துறையில் இருந்த ஜேம்ஸ் ஹோர்னெல் 1914இல், அதாவது பழைய பாம்பன் பாலம் திறந்த அதே ஆண்டில், சங்கைப் பற்றி மட்டுமே ஒரு முழு நூல் வெளியிட்டிருக்கிறார். அதற்குப் பிறகும் நூறு ஆண்டு போய்விட்டது. சங்கைத் திருப்பிப் பிடிக்க இரு தரப்பும் தயாராக இல்லை. ஒரே பொருளை ஆளுக்கொரு பக்கம் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு மற்றவனுக்குக் கண் தெரியவில்லை என்பதற்கு மேடையும் மாலையும் பயணப்படியும் உண்டு. அதற்குக் கருத்தரங்கம் என்று பெயர்.

உண்மையான வலம்புரி மிக அரிது. அமெரிக்கக் கடலோரம் ஒரு சங்கினம் உண்டு. அது இயல்பிலேயே அந்தப் பக்கம்தான் சுழலும். அதைக் கொண்டுவந்து வலம்புரி என்று விற்பதும் உண்டு. பெரியப்பா ஒன்றைக் கையில் எடுத்து, தலைகீழாக்கி, மறுபடி நேராக்கி, காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "கடல் சத்தம் கேக்குதுடா" என்றார். கடல் இருநூறு அடியில் இருந்தது. சங்கு வாங்கவில்லை. என் மனைவி பனையோலைக் கொட்டான் ஒன்று வாங்கினாள், பூ வைக்க. அது கடைசியில் எதற்குப் பயன்பட்டது என்பது அடுத்த இயலில்.

இயல் 6: ஈரத்துணியியல்

இதுவே இவ்வாய்வின் உயிர். இதற்கு முன் இத்துறையில் யாரும் நுழையவில்லை, நுழைந்தவர்கள் நனைந்துபோயிருப்பார்கள்.

முதல் நாள் காலை அக்னி தீர்த்தக் கடலில் மூழ்கி எழுந்து, கோயிலுக்குள் மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கி, கோடி தீர்த்தம் வரை 22 இடத்தில் வாளி வாளியாக வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். ஈர உடையோடு மூலவர் சந்நிதிக்குப் போகக் கூடாது. மாற்றியாக வேண்டும். மாற்றிய கணத்தில் 14 பேரும் பக்தியில் ஆழ்ந்துவிட்டார்கள். 41 ஈரத்துணிகள் சொந்தக்காரர் இல்லாமல் என் முன்னால் கிடந்தன.

துணி மூவகைப்படும்: பிழிந்தது, பிழிந்ததாகச் சொல்லப்பட்டது, பிழியாதது. இரண்டாம் வகையே மிகுதி. ஈரம் இருவகைப்படும்: தீர்த்த ஈரம், உப்பு ஈரம். இரண்டாம் நாள் அரிச்சல்முனையில் கால் நனைக்கப் போன பிள்ளைகள் இடுப்புவரை நனைந்து வந்தபோது, 22 தீர்த்தம் ஏறிய அத்தையின் புடவையும் கடல் ஏறிய அரைக்கால் சட்டைகளும் ஒரே பையில் இருக்கலாமா என்ற கேள்வி எழுந்தது. கூடாது என்பது தீர்ப்பு. பை இரண்டாயிற்று. ஊளி வாடை ஏறிய சித்தப்பாவின் துண்டை இரண்டு பையும் ஏற்கவில்லை. பூ வைக்க வாங்கிய பனையோலைக் கொட்டான் அப்போதுதான் பயனுக்கு வந்தது.

ஈரம் என்ற சொல்லுக்கு அகராதிகளில் அன்பு என்றும் பொருள் உண்டு. வேனில் இருக்கையில் ஈரம், தரையில் ஈரம், ஜன்னலில் ஈரம். நெஞ்சில் மட்டும் யாருக்கும் இல்லை. "யாரோட துண்டு இது?" (அத்தை, முதல் நாள் காலை; திருத்திய பதிப்பு, அன்று மாலை; பெயர் குறிப்பிட்ட விரிவான பதிப்பு, இரண்டாம் நாள் காலை; மாமாவின் முன்னுரையுடன் மலிவுப் பதிப்பு, நள்ளிரவு) என்ற ஒரு நூலே பதினான்கு பேரின் உறவையும் விளக்கப் போதும். மறுப்பு நூல்: "என்னோடது இல்ல" (பல ஆசிரியர்கள், ஆண்டு இல்லை, பக்க எண் இல்லை, மனசாட்சி இல்லை).

காயப்போடும் இடத்துக்கு வருவோம். விடுதி மொட்டைமாடிக் கதவில் 'துணி காயப்போடக் கூடாது' என்று பலகை. அதற்குக் கீழேயே மேனேஜரின் கைலி காய்ந்துகொண்டிருந்தது. கொடியின் முக்கால் பாகத்தை வடநாட்டிலிருந்து வந்த ஒரு குடும்பம் பிடித்திருந்தது. அவர்களுக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்கு இந்தி தெரியாது; அத்தையும் அந்த வீட்டுப் பெரியம்மாவும் கிளிப்பைக் காட்டிப் பேசி ஐந்து நிமிடத்தில் எல்லை வகுத்துக்கொண்டார்கள். நாங்கள் வீட்டுக்குள் தமிழிலேயே பதினோரு நாள் பேசியதை இவ்விடத்தில் ஒப்பிட்டு நோக்குக.

தீர்த்த ஈரத் துணிகள் மதியமே மொரமொரவென்று காய்ந்தன. உப்பு ஈரத் துணிகள் மூன்றாம் நாளும் பிசுபிசுத்தன. காரணம் உண்டு. கடல்நீர் ஆவியானாலும் உப்பு துணியில் தங்கிவிடுகிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை மறுபடி இழுத்துக்கொள்கிறது. அப்படியானால் முதலில் கடல், பிறகு 22 நன்னீர்த் தீர்த்தம் என்ற வரிசை, துணியிலிருந்து உப்பை அலசி எடுக்கும் ஏற்பாடே அல்லவா! இதை விளையாட்டாகக் குடும்பக் குழுவில் போட்டேன். அரை மணி நேரத்தில் 'நம் முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல' என்ற தலைப்போடு, நாசா ஒப்புக்கொண்டதாக ஒரு வரியும் சேர்ந்து, ஓய்வுபெற்ற ஒரு பேராசிரியரிடமிருந்து எனக்கே திரும்பி வந்தது. அவர் அதைத் தம் அடுத்த கட்டுரையில் மேற்கோள் காட்டப் போகிறாராம். ஆதாரம் யார் என்று கேட்டேன். ஆதிகாலந்தொட்டே வழங்கி வருவது என்றார்.

திரும்பும்போது சாலைப் பாலத்தில், சித்தப்பா தம் எட்டு முழ வேட்டியை ஜன்னல் வழியே பிடித்தார். பாலம் 2.3 கிலோமீட்டர். இரு பக்கமும் கடல், நல்ல காற்று. பாம்பன் முனையில் ஈரமாக ஏறிய வேட்டி மண்டபம் முனையில் முக்கால் காய்ச்சலாக இறங்கியது. மீதியைத் திருப்புல்லாணி, உத்திரகோசமங்கை, தேவிபட்டினம் என்று சுற்றிய சுற்றில் காயவைத்தோம். அத்தையின் இடைச்செருகல்களுக்கு இந்த அளவில் ஒரு பயன் இருந்ததை ஆய்வாளன் ஒப்புக்கொண்டாக வேண்டும்.

வீட்டுக்கு வந்து எண்ணினால் 40. அத்தையின் துண்டு ஒன்று குறைகிறது. வெள்ளைத் துண்டு, நீலக் கரை, ஒரு மூலையில் மஞ்சள் கறை. பலகை இருந்த அந்த மொட்டைமாடிக் கொடியில், வலது ஓரத்தில் போட்டதாக அத்தை உறுதியாகச் சொல்கிறார். வலது என்றால் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்து என்று கேட்டதற்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ராமேஸ்வரம் போகிறவர்கள் யாராவது பார்த்தால் எடுத்துவாருங்கள். நன்றாகப் பிழிந்து.