மவுண்ட்பேட்டன் பிரபு விட்டுப்போன தாகம்

கண்டி ராஜாக்கள் பாதை போடவில்லை என்று வெள்ளைக்காரன் எழுதிய சரித்திரம் குறைப்பட்டுக்கொள்ளும். போடத் தெரியாமலா? பாதை போட்டால் அதில் பீரங்கியும் வரும் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் காட்டை வளரவிட்டு, ஒற்றையடிப் பாதையை ஒற்றையடியாகவே வைத்திருந்தார்கள். 1638இல் போர்த்துக்கேயப் படை கண்டி வரைக்கும் வந்து, கன்னொறுவையில் மாட்டிக்கொண்டது. திரும்பிப் போனவர்களை விரல்விட்டு எண்ணலாம். 1803இல் ஆங்கிலேயரின் மேஜர் டேவி வந்தார், சரணடைந்தார், சாகும்வரை கண்டி ராஜாவின் சாப்பாட்டிலேயே இருந்தார். நாட்டின் பாதுகாப்புக்கு ஆன எரிபொருள் செலவு, பூஜ்யம்.

1815இல் ராஜ்ஜியம் ஆங்கிலேயருக்குக் கைமாறியதும் ஆள்வோருக்கு வந்த முதல் வியாதி சக்கரம். 1820களில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் கொழும்பிலிருந்து பாதை வெட்டச் சொன்னார். கேப்டன் டோசன் கடுகண்ணாவையில் மலையேற்றினார். மலையைத் துளைப்பவனுக்கே கண்டி வசப்படும் என்று பழைய வாக்கு ஒன்று உண்டாம். அங்கே பாறையையும் குடைந்து துளை போட்டார்கள், ராஜ்ஜியத்தைப் பிடித்துப் பல வருஷம் கழித்து! வாக்குறுதியைப் பின்தேதியிட்டு நிறைவேற்றுவதில் அரசாங்கங்கள் அன்றைக்கே கெட்டி. டோசனுக்கு 1832இல் ஒரு கோபுரம் கிடைத்தது. மண் சுமந்தவர்களுக்கு முதுகுவலி கிடைத்தது.

பாதை வந்தாயிற்று; இனி அதில் ஓடிய ஜீப்புக்கு வருவோம். 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபு டில்லி வெயிலையும் அதைவிடச் சூடான அதிகாரிகளையும் உதறிவிட்டு, தென்கிழக்காசியக் கட்டளையகத்தைக் கண்டிக்குத் தூக்கிவந்தார். சண்டை பர்மாவில், தலைமையகம் பேராதனைப் பூந்தோட்டத்தில். யுத்தத்தை இவ்வளவு மணமாக நடத்தியவர் வேறொருவர் இருக்கமாட்டார். பின்னாளில் சமையற் புத்தகம் எழுதி உலகப் புகழ் பெற்ற ஜூலியா சைல்டும் அப்போது கண்டியில்தான் அமெரிக்க உளவுத்துறையின் கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார். இந்தப் பரிவாரத்தோடு வந்து சேர்ந்ததுதான் ஜீப்: 2.2 லீட்டர் பெட்ரோல் எஞ்சின், 60 குதிரைச் சக்தி. அறுபது குதிரையும் புல்லுக்குப் பதிலாகப் பெட்ரோல் குடித்தன. பில்லை அமெரிக்கா கட்டியதால் ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

யுத்தம் முடிந்தது. பிரபு போனார், தாகம் தங்கிவிட்டது. அடுத்து 1948இல் பிறந்த லேண்ட்ரோவர் தோட்டத்துப் பெரிய துரைமாரின் பங்களா வாசலுக்கு வந்தது. அதுவும் முதலில் பெட்ரோல்தான். கம்பெனி டீசல் பூட்டியது 1957இல். தெல்தோட்டையிலிருந்து கண்டி கிளப்புக்கு ஒரு கிளாஸ் விஸ்கிக்காக இறங்கி ஏறும் துரைக்கு எரிபொருள் ஒரு கணக்கே இல்லை. கணக்கை எழுதுவது கணக்கப்பிள்ளை, கட்டுவது லண்டன்.

1973இல் அரபு நாடுகள் குழாயை இறுக்கின. 1975இல் காணிச் சீர்திருத்தம் வெள்ளைக்காரக் கம்பெனிகளை வீட்டுக்கு அனுப்பியது. துரை போய்விட்டார், லேண்ட்ரோவர் நிற்கிறது, பெட்ரோல் பில் நம் தலையில். இறக்குமதியோ இறுகிக் கிடந்தது. புது வண்டி கனவில்தான். 1977இல் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டதும், ஜப்பானில் கழற்றிய டீசல் எஞ்சின்கள் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குக் குவியத் தொடங்கின. இசுசு, நிசான், டொயோட்டா, மிட்சுபிஷி. இங்கே பஸ்ஸையும் லொறியையும் மனதில் வைத்து டீசலை எப்போதும் மலிவாகத்தான் விற்றார்கள். பிறகென்ன? கட்டுகஸ்தோட்டைப் பக்கத்துக் கராஜ்களில் மதமாற்றம் ஆரம்பமாயிற்று.

"பாஸ், எவ்வளவு நாளாகும்?"

"ரெண்டு கிழமைதான், மாத்தையா."

பெரஹரா வந்து போகும், ஜீப் வராது. எஞ்சினையும் கியர்பொக்ஸையும் ஒட்ட ஒரு இரும்புத் தட்டு கடைய வேண்டும். அது மயிரிழை மையம் தப்பினாலும் கியர்பொக்ஸின் முன் பெயாரிங் அழத் தொடங்கும். டீசல் எஞ்சின் கனம். முன் ஸ்பிரிங்குக்கு ஒரு பட்டை கூட்டாவிட்டால் ஜீப் சாஷ்டாங்கமாக விழுந்து கும்பிடும். ரேடியேட்டர், மவுண்டிங், சைலன்சர், எல்லாம் புதிது. பிரேக் பூஸ்டர் உள்ள வண்டியானால் இன்னொரு வினை உண்டு. பெட்ரோல் எஞ்சின் காற்றை அடைத்து இழுக்கும் வெற்றிடத்தில்தான் பூஸ்டர் வேலை செய்யும். டீசலில் அந்த அடைப்பு இல்லை. வெக்கியூம் பம்ப் தனியாகப் பூட்ட வேண்டும். பூட்ட மறந்தவர்களுக்கு அது கடுகண்ணாவை இறக்கத்தில் ஞாபகம் வரும், முப்பத்து முக்கோடி தேவர்களின் பெயர்களோடு சேர்த்து. கடைசியில் மோட்டார் வாகனத் திணைக்களத்தில் எஞ்சின் நம்பரையும் எரிபொருளையும் மாற்றி எழுத வேண்டும். ஜீப்பை மாற்றுவது அதைவிட லேசு.

நியாயமாகப் பேசினால், மாற்றியவர்கள் முட்டாள்கள் அல்ல. மூட்டையேற்றிக்கொண்டு தோட்டத்து லயத்துக்கு ஏறும் கல்பாதையில் டீசலின் கீழ்க்கியர் இழுவைக்குப் பெட்ரோல் கிட்ட நிற்காது. நக்கிள்ஸ் பக்கத்து ஓடைகளில் தண்ணீர் பட்டால் பெட்ரோல் ஜீப்பின் பிளக் செத்துவிடும். டீசலுக்குப் பொறிவிடும் பிளக்கே இல்லை. காற்றிழுக்கும் வாய்க்குள் தண்ணீர் போகாதவரை அது பாட்டுக்குப் போகும். அந்த நாளில், அந்த வேலைக்கு அது சரியான புத்திதான்.

பிற்பாடு? 2021 நடுப்பகுதி வரை 92 ஒக்டேன் பெட்ரோல் லீட்டர் 137 ரூபா, டீசல் 104. 2022 ஜூன் 26இல் பெட்ரோல் 470, டீசல் 460. டீசலின் மலிவு பத்து ரூபாவாய்ச் சுருங்கியது; அன்றைக்கு மிச்சம் பிடிக்க முடிந்ததெல்லாம் லீட்டருக்குக் கிடைத்த கிலோமீட்டரில்தான். அந்த விலையையே வைத்துப் பார்ப்போம். பழைய ஜீப் பெட்ரோலில் லீட்டருக்கு 7 கிலோமீட்டர், டீசலில் 11 ஓடுகிறது என்றும், மாற்றும் செலவு 10 இலட்சம் என்றும் கொள்வோம். கிலோமீட்டருக்கு மிச்சம் 25 ரூபா சொச்சம். முதல் திரும்ப சுமார் 40,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். தினமும் 100 கிலோமீட்டர் மரக்கறி ஏற்றுகிறவருக்குப் பதின்மூன்று மாதம். அவர் தாராளமாக மாற்றட்டும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஹுன்னஸ்கிரிய பக்கம் போய்ப் படம் பிடித்துவிட்டு வரும் கனவானுக்கு, வாரம் 100 கிலோமீட்டர் கணக்கில், ஏழரை வருஷம். சனி பகவானும் அவ்வளவுதான் கேட்கிறார்; அவராவது ரேடியேட்டர் கேட்பதில்லை.

இத்தனைக்கும் நடுவே புதிதாக ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. பழைய வண்டி சேர்ப்பவர்கள். அவர்களுக்கு அசல் எஞ்சின் இருந்தால்தான் வண்டி. டீசல் சத்தம் கேட்டாலே முகத்தைச் சுளித்து விலையைக் குறைப்பார்கள். அப்பா பழைய இரும்புக்குப் போட்ட பெட்ரோல் எஞ்சினை இப்போது மகன் கடைகடையாகத் தேடுகிறார். கராஜுக்கும் போய்க் கேட்கிறார்: "பாஸ், இதைத் திரும்பப் பெட்ரோல் ஆக்கலாமா?"

"ஏன் முடியாது மாத்தையா? கழட்டுற டீசல் எஞ்சினை மட்டும் எனக்குத் தாங்க. இன்னொரு மாத்தையா கேட்டுக்கிட்டே இருக்கார்."