யோசனை அண்ணன்

ஞாயிறு விடியுமுன் திருப்பூரிலிருந்து பல்லடம் தாண்டிச் செட்டிபாளையத்துக் கோயம்புத்தூர் கோல்ஃப் கிளப்புக்குப் போகும் கார்களில் ஒன்றில் அவர் கட்டாயம் இருப்பார். காலர் வைத்த பிக்கே டி-ஷர்ட், சொந்தக் கம்பெனி சாம்பிள். பேன்ட் பாக்கெட்டில் அளவு டேப், பழக்க தோஷம். தொழில் வட்டாரத்தில் எல்லோருக்கும் அவர் அண்ணன். எனக்கு மட்டும் யோசனை அண்ணன்.

தன் பந்து எங்கே போனதென்று அவருக்குத் தெரியாது. என் பந்து ஏன் போனதென்று தெரியும். அவர் பந்தைத் தேடி கேடிப் பையன் புதருக்குள் குனிந்திருக்கும்போது, அண்ணன் இங்கே என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

"ஏனுங்க தம்பி, தோளு எறங்குதுங்க. அதானுங்க பந்து கோணலாப் போகுது."

அடுத்த குழியில் தோள் சரி, கால் தப்பு. அதற்கடுத்ததில் கால் சரி, மூச்சு தப்பு. செக்கிங் டேபிளில் ஒரே பீஸை நாலு பேர் பார்த்தால் நாலு இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டுவார்களே, ஒன்பதாவது குழி வருவதற்குள் என் உடம்பு அந்தக் கதிக்கு வந்திருக்கும்.

அவருக்கு யோசனை இரண்டு வழியாக வரும். ஒன்று செல்போன். ராத்திரி சரக்கு வண்டி தூத்துக்குடிக்குக் கிளம்பியதும் படுத்துக்கொண்டே கோல்ஃப் வீடியோ பார்ப்பார். காலையில் அது என் தலையில் இறங்கும். "தலையத் தூக்கவே கூடாதுங்க. பந்து போன பின்னாலயும் கீழயே பாருங்க." மூன்று மாதம் கீழேயே பார்த்தேன். செட்டிபாளையத்துப் புல் எனக்கு அத்துப்படி. தலையைக் கட்டிப்போட்டால் தோள் முழுசாகத் திரும்பாது. அந்தப் பாரத்தையும் முதுகு சுமந்தது, ஒருநாள் பிடித்துக்கொண்டது.

ஸ்வீடன் வீராங்கனை அன்னிகா சோரன்ஸ்டாம், மட்டை பந்தில் படும்போதே முகத்தை இலக்குப் பக்கம் திருப்பிவிடுவார். அப்படி ஆடித்தான் 2001-இல் ஒரு சுற்றை 59 அடியில் முடித்தார். இதை அண்ணனிடம் சொன்னேன். "அது வெளிநாட்டு ஒடம்புங்க தம்பி. ஜிஎஸ்எம் வேற" என்று துணியின் எடைக் கணக்கில் சொன்னார்.

இன்னொரு வழி அவர் கை. அண்ணன் பனியன் கம்பெனியில் கைமடி என்கிற எடுபிடியாகச் சேர்ந்து, பவர் டேபிள் டெய்லராகி, அப்புறம்தான் முதலாளியானவர். ஒருநாள் நான் மட்டையைப் பிடித்திருந்த பிடியைப் பார்த்துவிட்டுப் போகிற போக்கில் சொன்னார்: "புதுப்பையன் ஓவர்லாக்குல துணியப் புடிச்சு இழுக்கற மாதிரி இருக்குதுங்க. துணிய மிஷின் பல்லு இழுத்துக்கும். கை வழி காட்டுனாப் போதும்." அன்றைக்கு என் பந்து நேராகப் போனது. மட்டையை இறுக்காதே என்று கோல்ஃப் ஆசான்கள் புத்தகம் போட்டுச் சொன்னதை, அவர் ஒரு தையல் மிஷினை வைத்துச் சொல்லிவிட்டார்.

இன்னொரு தடவை, நான் டிரைவர் மட்டையை ஓங்கி வீசிக்கொண்டிருந்தபோது: "பெரிய ஆர்டர்ல லாபம் இல்லீங்க, கட்டிங் வேஸ்ட்ட மிச்சம் புடிக்கறதுலதான் இருக்குது." அதுவும் சரிதான். பார் 72 என்றால் குழிக்கு இரண்டு வீதம் 36 அடி பட்டரால் உருட்டுவதற்கென்றே ஒதுக்கிய கணக்கு. வானத்தில் பறக்கவிடும் அடிக்குச் செலவிடும் நேரத்தில் பாதியை உருட்டுவதற்குச் செலவிட்டால் எவனும் தேறுவான்.

ஆனால் இந்த இரண்டையும் யோசனைக் கணக்கிலேயே அவர் சேர்ப்பதில்லை. "அதெல்லாம் தொழில் பேச்சுங்க" என்று ஒதுக்கிவிட்டு, இடுப்பை எத்தனை டிகிரி திருப்புவதென்று செல்போனைத் திறந்துவிடுவார்.

கோல்ஃப் சட்டப் புத்தகத்தில் 10.2 என்று ஒரு விதி. போட்டி நடக்கும்போது கூட ஆடுபவருக்கு யோசனை சொல்லக் கூடாது, அவரிடம் கேட்கவும் கூடாது. கேடியிடம் மட்டும் கேட்டுக்கொள்ளலாம். அடிகளை எண்ணி ஆடும் போட்டியில் மீறினால் 2 அடி அபராதம். போன போட்டியில் மூன்றாவது குழியிலேயே அண்ணன் வாய் திறந்துவிட்டார். அவர் அட்டையில் 2 அடி ஏறியது.

திரும்பும் வழியில் பல்லடத்தில் டீக்கு நிறுத்தினோம். அந்த 2 அடி எதனால் வந்ததென்று கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார்.

என் கிரிப்பாம்.