எம லிங்கத்துக்கு எத்தனை நட்சத்திரம்?

திருவண்ணாமலை அண்ணாமலையார் கோயிலில் அர்ச்சனைச் சீட்டோடு வரிசையில் நிற்கிறவர்களுக்கு அந்தரங்கம் என்று ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை. அர்ச்சகர் தட்டை வாங்கிக்கொண்டு "பேர், நட்சத்திரம்" என்று கேட்டால் போதும். தன் பேர், வீட்டுக்காரி பேர், பையன் பேர், பையனுக்கு இன்னும் வேலை அமையாத சங்கதி, பெண்ணுக்குச் செவ்வாய் தோஷம் என்று பின்வரிசைக்கும் கேட்கிற மாதிரி ஒப்பித்துவிட்டுத்தான் கண்ணை மூடுவார்கள். பின்னால் நிற்கும் அம்மா சும்மா இருப்பாரா? "எங்க நாத்தனார் பையனுக்கும் செவ்வாய்தாங்க, ஓசூர்ல இருக்கான்" என்று ஆரம்பிப்பார். சாமியைப் பார்க்கப் போய்ச் சம்பந்தியைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

பரம்பரையே அப்படி. இன்னார் நந்தா விளக்கு எரிக்க 90 ஆடு கொடுத்தார், இன்னார் 96 ஆடு கொடுத்தார் என்று கோயில் சுவரில் கல்லை வெட்டி எழுதிவைத்த நாடு இது. சூரிய சந்திரர் உள்ளவரை ஊருக்குத் தெரியவேண்டும் என்று கேட்டு வாங்கி வெட்டிக்கொண்டார்கள். ஆடு போய் ட்யூப்லைட் வந்த பிறகும் உபயதாரர் பேர் மட்டும் போகவில்லை.

அதனால் 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்த குரலில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்புச் சொன்னபோது திருவூடல் தெருவில் யாரும் பட்டாசு வெடிக்கவில்லை. வழக்குப் போட்டவர் கர்நாடக உயர் நீதிமன்ற ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி. 2012-இல் ஆதாரை எதிர்த்து அவர் படியேறியபோது வயது 86. அந்த வயதில் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் ஆதாரை லேமினேட் போட்டுச் சட்டைப்பையில் வைத்து, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் கேட்காமலே எடுத்துக் காட்டுகிறவர்கள்.

இந்த ஊரில் ஜெராக்ஸ் கடைகள் பிழைப்பதே ஆதாரால்தான். பௌர்ணமி வந்தால் லாட்ஜ்களில் அறைக்கு ஆள் மோதும். ஆளுக்கு ஒரு நகல். வெளிநாட்டுக்காரர் என்றால் பாஸ்போர்ட், விசா எல்லாம் பார்த்து ஒரு படிவம் நிரப்பி அரசாங்கத்துக்கு அனுப்ப வேண்டும். ரமணாசிரமத்துக்கு ‘நான் யார்’ என்று தேடி வருகிறவர், அதற்கு முன்னால் அந்தக் கேள்விக்கு லாட்ஜ் கவுன்டரில் பேனாவால் பதில் எழுதியாக வேண்டும்.

2022 மே மாதக் கடைசியில் ஒரு கூத்து நடந்தது. ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், ஆதார் நகலைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள், எண்ணை மறைத்த ஆதாரைக் கொடுங்கள் என்று ஓர் அறிவிப்பு விட்டது. ஜனங்கள் பதறிப்போனார்கள். இரண்டே நாளில், தவறாகப் புரிந்துகொள்ள இடமிருக்கிறது என்று மேலிடம் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்த இரண்டு நாள் இடைவெளியில் எங்கள் லாட்ஜ்கள் வாங்கிக் குவித்த நகல்கள் எங்கே போயின என்று எனக்கு ஒரு யூகம் உண்டு. கிரிவலப் பாதையில் ஒருநாள் சுண்டல் தின்று முடித்துப் பொட்டலத்தைப் பிரித்தேன். உள்ளே வேலூர்க்காரர் ஒருவர் என்னைப் பார்த்து முறைத்தார். ஆதாரில் எல்லாரும் முறைக்கத்தான் செய்வார்கள். பிறந்த வருடம், அப்பா பேர், கதவிலக்கம் எல்லாம் தெளிவு. கடைசி நான்கு எண்களை மட்டும் தேங்காய்ச் சில்லு ஒன்று ஒட்டிக்கொண்டு மறைத்திருந்தது. எண்ணை மறைத்த ஆதார் என்று சொன்னார்களே, அதை நான் நேரில் பார்த்தது அப்போதுதான்.

துணிக்கடைக்கு வருவோம். ஒரு டஜன் கைக்குட்டை. பில் போடும் பெண் முகம் பார்க்காமலே "மொபைல் நம்பர் சொல்லுங்க சார்" என்றாள். பில்லுக்காகக் கைபேசி எண்ணைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2023 மே மாதமே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை கடைகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. அதே ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறிவிட்டது: சம்மதம் தானாக முன்வந்து தரப்பட வேண்டும், எதற்காகக் கேட்கிறார்கள் என்பதைத் தமிழிலும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், மீறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகும். இவ்வளவையும் நான் அந்தப் பெண்ணுக்கு நிதானமாக எடுத்துச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி சார், நம்பர் போடலன்னா கம்ப்யூட்டர் எடுக்காது" என்றாள். எனக்குப் பின்னால் நின்ற ஒரு பெரியவர், "பாவம், அந்தப் பொண்ண ஏன் சார் படுத்தறீங்க, இந்தாம்மா என் நம்பரைப் போட்டுக்கோ" என்று பத்து இலக்கத்தையும் முழங்கினார். நீதிபதி புட்டசாமி அந்த வரிசையில் நின்றிருக்க வேண்டும்.

அந்தப் பெரியவருக்கு இப்போது ஆடித் தள்ளுபடிச் செய்தி வந்துகொண்டிருக்கும். பிறந்தநாள் வாழ்த்தும் வரும்.

டீக்கடை கதை இதைவிட மோசம். எனக்கு எண்ணெய்ப் பலகாரம் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அமல்படுத்துவது என் மனைவி. ரொக்கம் இருந்த காலத்தில் இரண்டு போண்டாவைத் தின்று வாயைத் துடைத்துக்கொண்டு வந்தால் கடவுளுக்கும் கடைக்காரருக்கும் மட்டும்தான் தெரியும். இப்போது கடை வாசலில் ஒரு சின்னப் பெட்டியை வைத்திருக்கிறார்கள். பணம் விழுந்ததும் அது தெருவே கேட்க அறிவிக்கிறது: "நாற்பத்தைந்து ரூபாய் பெறப்பட்டது." எதிர்சாரியில் பூ வாங்கிக்கொண்டிருந்த என் மனைவி தலையைக்கூடத் திருப்பவில்லை. ரோட்டைத் தாண்டி வந்து, "காபி பதினஞ்சு. மிச்சம் முப்பதுக்கு என்ன?" என்றாள். நான் பதில் சொல்லுமுன், "ரெண்டா, மூணா?" இந்த வேகத்தில் கணக்குப் போடுகிற இயந்திரம் எந்த நாட்டிலும் இன்னும் வரவில்லை. டீக்கடைக்காரர் நல்ல மனிதர். "அடுத்த தடவ காசா குடுத்துடுங்க சார்" என்று கண்ணைக் காட்டினார்.

கிரிவலம் போனாலும் தப்ப முடியாது. எட்டு லிங்கங்களைத் தாண்டும் பதினான்கு கிலோமீட்டரும் சட்டைப்பையில் போன் கூடவே நடக்கிறது. மலையைச் சுற்றினால் பாவம் தொலையும் என்பது நம்பிக்கை. போன் தொலையாமல் குறித்துவைத்துக்கொள்கிறது. விடியற்காலையில் வீட்டுக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்தால், "எம லிங்கத்துக்கு நீங்கள் சென்றது எப்படி இருந்தது? மதிப்பிடுங்கள்" என்று கேட்கிறது. அர்ச்சகர் கேட்பது ஒரு நட்சத்திரம், இது கேட்பது ஐந்து. எமனுக்கு நான் என்ன மதிப்பெண் போடுவது? குறைத்துப் போட்டால் கோபித்துக்கொள்வார். ஐந்தும் போட்டுவிட்டால், அவ்வளவு பிடித்திருக்கிறதா வா என்பார். தொடாமல் விட்டுவிட்டேன். குபேர லிங்கத்தைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் எனக்குப் பர்சனல் லோன் வேண்டுமா என்று செய்தி வந்தது தற்செயல் என்றுதான் நினைக்கிறேன். குபேரனே கடன் கொடுத்தவர்தானே. திருப்பதிக்காரரைக் கேட்டால் வட்டி விவரம் சொல்வார்.

இதுவரை சொன்னதெல்லாம் என்னுடையது எப்படி ஊர்ப் பொதுவாயிற்று என்பது. ஊர்ப் பொதுவானது எப்படி ஒருத்தருக்குச் சொந்தமாயிற்று என்பதை என் மச்சான் வழியாகத்தான் தெரிந்துகொண்டேன்.

மச்சான் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்றதும் வீடியோ எடுக்கத் தொடங்கினான். கோயிலுக்குள் எடுக்க வழியில்லை. திருச்செந்தூர் கோயில் தொடர்பான வழக்கில் 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, தமிழ்நாட்டுக் கோயில்களில் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொல்லிவிட்டது. (நல்ல உத்தரவு. கற்பூர ஆரத்திக்குக் கை கூப்புகிறவர்களைவிடக் கையைத் தூக்குகிறவர்கள் அதிகமாகியிருந்தார்கள்.) அதனால் அவன் கிரிவலப் பாதையைப் பிடித்துக்கொண்டான். ஒரு பௌர்ணமியன்று இந்திர லிங்கத்தில் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை எடுத்து, ஒட்டி, ஒரு தளத்தில் ஏற்றினான்.

ஏற்றி முடித்த சூட்டோடு உரிமை கோரி அறிவிப்புகள் வர ஆரம்பித்தன. இந்திர லிங்கத்தில் ஒரு கம்பெனி, அக்னி லிங்கத்தில் இன்னொன்று. அஷ்டதிக்குப் பாலகர்கள் எட்டுத் திசையையும் பங்குபோட்டுக்கொண்ட மாதிரி எட்டு லிங்கத்தையும் பாட்டுக் கம்பெனிகள் பங்குபோட்டிருந்தன. காரணம் எளிது. பௌர்ணமி இரவில் கிரிவலப் பாதையில் ஒலிபெருக்கி இல்லாத பந்தல் ஏது? அன்னதானப் பந்தலில் ஒரு பாட்டு, வளையல் கடையில் ஒரு பாட்டு, மூலிகை சூப் வண்டியில் இன்னொரு பாட்டு. ஒலிப்பதிவுகளின் கைரேகையை எடுத்துவைத்துக்கொண்டு, ஏறுகிற வீடியோவையெல்லாம் ஒப்பிட்டுப் பார்க்கும் இயந்திரங்கள் இப்போது பெரிய தளங்களில் உண்டு. பாட்டின் ஓரத்தைக் கேட்டாலும் பிடித்துவிடும். பக்தர்கள் நடுவே நடக்கிறோம் என்பது அதற்குத் தெரியாது.

இது சிலசமயம் முற்றிப்போவதும் உண்டு. 2012-இல் நாசாவின் க்யூரியாசிட்டி செவ்வாயில் இறங்கியபோது, நாசா தானே எடுத்துத் தானே ஏற்றிய வீடியோவை, யாரோ உரிமை கோரியதால் யூடியூப் தற்காலிகமாக நீக்கிவிட்டது. ஆஸ்திரேலியாவில் ஓர் இசைக்காரர் பத்து மணி நேரம் வெறும் இரைச்சலை, பழைய ரேடியோவில் நிலையம் கிடைக்காதபோது வருமே அந்த ‘உஸ்ஸ்’ சத்தத்தை, கணினியில் உருவாக்கி ஏற்றியிருந்தார். 2018-க்குள் அந்த ‘உஸ்ஸ்’ மேல் ஐந்து உரிமைகோரல்கள் வந்து சேர்ந்தன.

"மாமா, இதைப் பாருங்களேன்" என்று மச்சான் ஓடிவந்தது நிருதி லிங்கத்துக்காக. அங்கே அவன் நின்று சம்பந்தர் தேவாரம் ஒன்று பாடியிருந்தான். அதற்கும் அறிவிப்பு. பிரபலப் பாடகர் ஒருவரின் பதிவோடு ஒத்துப்போகிறதாம்.

"மறுப்புக் குடுடா மாப்ள" என்றேன். சட்டம் நம் பக்கம். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி எழுதினவர் ஆயுள், அதற்குமேல் 60 ஆண்டு. சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டுக்காரர், பதினாறு வயதிலேயே சோதியில் கலந்தார் என்பது ஐதீகம். நூறு வயது இருந்திருந்தாலும் பல்லவர் காலத்திலேயே காலாவதி. ஒலிப்பதிவுக்கு மட்டும் தனியாக, வெளியான பிறகு 60 ஆண்டு உண்டு. பாட்டு எல்லாருக்கும், பதிவு கம்பெனிக்கு. இதே சட்டத்தின் 52-ஆம் பிரிவு கல்யாண வீட்டுப் பாட்டுக்கச்சேரிக்கும் ஊர்வலத்துக்கும் விலக்குத் தந்திருக்கிறது. மலையைச் சுற்றுவதை வீடியோவாக எடுத்து ஏற்றுவதைப் பற்றி 1957-இல் யாரும் யோசித்திருக்க முடியாது.

என் கட்சி பாடகருக்கோ இசையமைப்பாளருக்கோ எதிரானதல்ல. 2017-இல் இளையராஜா பாட்டுரிமை கேட்டுப் பாடகர் எஸ்.பி.பி.க்கு நோட்டீஸ் அனுப்பியபோது தமிழ்நாடே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. எங்கள் ஊரில் சண்டை கொஞ்சம் அடக்கமாகத்தான் நடந்தது. ‘ரமண மாலை’ தந்தவர் இளையராஜா. பாட்டை உண்டாக்கியவனுக்குக் காசு போய்ச்சேர வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் உண்டாக்கியவன் கையை விட்டு உரிமை எங்கெங்கோ சுற்றுவதையும் இந்த நாடு பார்த்திருக்கிறது. பாரதியார் பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை ஒரு நகை வியாபாரி கைக்குப் போய், அவரிடமிருந்து ஏ.வி. மெய்யப்பச் செட்டியாருக்கு வந்தது. 1948-இல் ‘பில்ஹணன்’ படத்தில் டி.கே.எஸ். சகோதரர்கள் பாரதி பாட்டைப் பயன்படுத்தியதற்கு அவர் வழக்குப் போட, ஊரே கிளம்பி, 1949-இல் சென்னை மாகாண அரசு உரிமையைத் தானே எடுத்துக்கொண்டது. செட்டியார் காசு வாங்காமலே விட்டுக்கொடுத்தார். 1955-இல் எல்லாருக்கும் பொது. ஒரு கவிஞன் பாட்டை அரசாங்கமே வாங்கி ஜனங்களுக்குக் கொடுத்ததைப் போல் வேறெங்கும் நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. சம்பந்தருக்காக அந்த மாதிரி யார் கிளம்புவார்கள்?

மச்சான் கிளம்பத் தயாராயில்லை. "எதுக்கு மாமா மறுக்கணும்? மெஷினே ஏமாந்துபோச்சு பாருங்க. என் குரலுக்கும் அவர் குரலுக்கும் அதுக்கு வித்தியாசம் தெரியல!" என்றான். அந்த அறிவிப்பை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டான். விளம்பரக் காசு கம்பெனிக்குப் போகட்டும், அவனுக்கு சர்டிபிகேட் கிடைத்துவிட்டது. அவன் பாடும்போது முதுகுக்குப் பின்னாலேயே அன்னதானப் பந்தல் ஒலிபெருக்கியில் அதே பாடகர் அதே பதிகத்தை முழங்கிக்கொண்டிருந்ததை வீடியோவில் நானும் கேட்டேன், என் மனைவியும் கேட்டாள். அக்காள் தம்பி உறவு. நான் வாயைத் திறக்கவில்லை.

மற்ற ஏழு லிங்கங்களிலும் ஒலியை எடுத்துவிட்டு, தளமே தரும் இலவச இசையைப் போட்டான். இப்போது வருண லிங்கத்திலும் வாயு லிங்கத்திலும் அடியார்கள் ஏதோ வெள்ளைக்காரக் குழந்தையின் பிறந்தநாளுக்குப் போகிறவர்கள் போலத் துள்ளலாக நடக்கிறார்கள். நிருதி லிங்கம் வந்ததும் திடீரென்று தேவாரம். தாண்டியதும் மறுபடி டிங் டிங். செங்கத்திலிருந்து பெரியம்மா போன் செய்தார்.

"ஏம்ப்பா, வீடியோ பார்த்தேன். சாமி எல்லாம் நல்லா தெரியுது. ஆனா வழி நெடுக யாரோ டம்ளரைத் தட்டிக்கிட்டே வர்றாங்களே, தண்ணி கிண்ணி கேக்குறாங்களா?"