தாம்பரத்து பைரன்

சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம் பக்கம் தெருவுக்கு ஒருவராவது தேறுவார். வயது இருபத்து மூன்றுக்கு மேல், இருபத்தேழுக்குள். தாடி. சித்திரை வெயிலிலும் கறுப்புச் சட்டை; பெரியார் கட்சியா என்று கேட்டுவிடாதீர்கள், வருத்தப்படுவார். கல்யாண வீட்டுக்கு வந்தால் மண்டபத்துக்குள் வரமாட்டார். வாசலில் பைக் மேல் சாய்ந்து தூரத்தையே வெறித்துக்கொண்டிருப்பார். தூரத்தில் இருப்பது ஜெனரேட்டர். என்னப்பா என்றால் "ஒண்ணுமில்ல" என்பார். அதற்குள் ஒரு காவியமே இருப்பதாக நாம்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். கடைசிப் பந்திக்குக் கண்டிப்பாக வந்துவிடுவார்.

குலம் பழைய குலம். 1812இல் 'சைல்டு ஹெரால்டு' வெளிவந்ததும் லண்டன் சீமாட்டிகள் பைரன் பிரபுவை மொய்த்தார்கள். 1814இல் அவருடைய 'கோர்சேர்' முதல் நாளிலேயே பத்தாயிரம் பிரதி விற்றது. யாரோடும் ஒட்டாதவன், வெளியே சொல்ல முடியாத பாவம் ஒன்றைச் சுமப்பவன், அவன்தான் நாயகன். தனியாக இருப்பதற்கு இவ்வளவு கூட்டம் சேரும் என்று அதுவரை எவருக்கும் தோன்றவில்லை. 1847இல் பிரான்டே சகோதரிகள் ரோசெஸ்டரையும் ஹீத்க்ளிஃபையும் கொடுத்தார்கள். 1917இல் சரத்சந்திரரின் 'தேவதாஸ்' அச்சேறியது. 1953இல் நாகேஸ்வர ராவ் திரையில் குடித்துக் குடித்தே செத்த பிறகு, சவரம் செய்ய மறந்தவனெல்லாம் நம்மூரில் தேவதாஸ். 2011க்குப் பிறகு 'சூப் பாய்'.

இவர்களின் சொத்து விவரத்தைக் கொஞ்சம் பாருங்கள். பைரனுக்குப் பத்து வயதிலேயே பிரபுப் பட்டமும் மாளிகையும் வந்தன. ரோசெஸ்டருக்குத் தார்ன்ஃபீல்டு. தேவதாஸ் ஜமீன் வீட்டுப் பிள்ளை. அநாதையாக வந்த ஹீத்க்ளிஃப்கூடக் கடைசியில் இரண்டு வீட்டுக்குச் சொந்தக்காரர். கையில் காசில்லாதவன் ஒரு வாரம் அழலாம். வருஷக்கணக்கில் சோகம் காப்பது வசதியுள்ளவர் காரியம். நம்மவருக்கு இருப்பது, அப்பா பி.எஃப். பணத்தில் வாங்கிய டபுள் பெட்ரூம் ஃபிளாட். அவருடைய தங்கைக்கும் மனக்கஷ்டம் இருக்கலாம். ஆனால் அவள் காலையில் வேலைக்கு வண்டி பிடிக்க வேண்டும்.

சோகத்துக்குக் காரணம்? கல்லூரி மூன்றாம் ஆண்டில் ஒருத்தி இவரிடம் நோட்டு வாங்கிப் போய், எழுதிக்கொண்டு, தேங்க்ஸ் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவ்வளவுதான் கதை. அவள் இப்போது சிறுசேரியில் நல்ல வேலையில் இருக்கிறாள், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாள்.

ஹீத்க்ளிஃப் மூன்று வருஷம் காணாமல் போனார். எங்கே போனார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. நம்மவரால் மூன்று மணி நேரம் போக முடியாது. பைரனின் மான்ஃபிரெட் ஆல்ப்ஸ் மலையுச்சியில் நின்று விதியோடு வாதாடினான். இவருக்கு வாய்த்தது பச்சைமலை. சூரியன் சாய்கிறது, காற்று தாடியைக் கோதுகிறது, போன் அடிக்கிறது.

"எங்கடா இருக்க?"

"சும்மா... வெளியில."

"வரும்போது கேம்ப் ரோட்டுல கொத்தமல்லி ஒரு கட்டு வாங்கிட்டு வா. கறிவேப்பிலை சும்மா குடுப்பான், கேட்டு வாங்கு."

விதியை எதிர்த்து நின்றவர் கேட்டு வாங்கிக்கொண்டுதான் வந்தார்.

அந்த மலையடிவாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கீட்ஸ் 1821இல் இருபத்தைந்து வயதில் காசநோயால் செத்தார். வெளுத்து, மெலிந்து, இருமுவதைக் கவிஞனுக்குரிய லட்சணமாகவே கொண்டாடிய காலம் அது. அதே நோய்க்காகத்தான் 1928இல் டாக்டர் சவுரி முத்து இங்கே சானடோரியம் தொடங்கினார். ரயில் நிலையத்துக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அங்கே படுத்து எழுந்தவர் எவரும் இருமலில் அழகு கண்டதாக நான் கேட்டதில்லை. நம்மவருக்கும் இருமல் உண்டு. அது ஜி.எஸ்.டி. சாலைப் புகை.

நாளைக் காலையில் கடற்கரை வண்டியில் அவரைப் பார்க்கலாம். தாம்பரத்திலேயே புறப்படும் வண்டி, உள்ளே இடம் காலியாகக் கிடக்கும். அவர் மட்டும் முடியைக் காற்றில் பறக்கவிட்டு ஃபுட்போர்டில் நிற்பார். அது ரயில்வே சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து. தம்பி, உள்ளே வந்து உட்காரப்பா என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஜன்னலோரம் கொடுத்தால் வந்துவிடுவார்.