சுற்றிச் சுற்றி வரும் நற்செய்தி

தென் தமிழகத்துச் சீர்திருத்தச் சபைகளில், குறிப்பாகத் திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களின் சி.எஸ்.ஐ. சேகரங்களில், விசுவாசியின் கவனத்தைக் கலைக்கும் சக்திகள் அனைத்துக்கும் 'உலகம்' என்று பெயர். சேகரம் என்பது ஒரு குருவானவரின் பொறுப்பில் விடப்பட்ட ஊர்ச் சபைகளின் தொகுப்பு. இந்த உலகம் தலைமுறைக்கு ஒரு வேடம் கட்டும். தாத்தா காலத்தில் டூரிங் டாக்கீஸாக ஊருக்கு வெளியே நின்றது. தந்தை காலத்தில் தொலைக்காட்சிப் பெட்டியாக நடுவீட்டில் வந்து அமர்ந்தது. இப்போது கைபேசியாகச் சுருங்கிச் சட்டைப்பைக்குள் புகுந்துவிட்டது. இவற்றில் ஒவ்வொன்றும் வந்த புதிதில் சாத்தானின் கருவி என்று பிரசங்கபீடத்திலிருந்து கண்டிக்கப்பட்டதும், சில ஆண்டுகள் கழிந்தபின் ஓசையின்றி மனந்திரும்பிச் சபையின் ஊழியத்தில் சேர்த்துக்கொள்ளப்பட்டதும் ஆய்வாளர்கள் கவனிக்கத்தக்க ஓர் ஒழுங்காகும். தொலைக்காட்சியைத் தூக்கி எறியச் சொன்ன பிரசங்கிமார் பின்னாளில் அதே பெட்டிக்குள் அமர்ந்து அரை மணி நேரம் பேசினார்கள். கைபேசியை ஆலயத்துக்குள் பயன்படுத்தாதீர்கள் என்று அறிவிப்பு எழுதியவர்களே, காணிக்கை செலுத்துவதற்கான க்யூஆர் கோடு அட்டையை அந்த அறிவிப்புக்குப் பக்கத்திலேயே ஒட்டினார்கள்.

ஆகவே பழி முழுவதையும் உலகத்தின் தலையில் கட்டிவிடுவது நியாயமாகாது. நற்செய்தி பரவுவதற்கு உலகம் செய்யும் இடையூற்றைவிடச் சபை தானே இழுத்துப்போட்டுக்கொள்ளும் வேலைகள் செய்யும் இடையூறே பெரிது என்பதும், அவ்வேலைகளின் பயனாக நற்செய்தியானது அதை ஏற்கெனவே கேட்டவர்களுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

சாக்குப்போக்கு என்னும் கலைக்கு மூலபாடம் லூக்கா சுவிசேஷத்தின் 14ஆம் அதிகாரத்தில் உள்ளது. பெரிய விருந்துக்கு அழைக்கப்பட்டவர்களில் ஒருவர், நிலம் வாங்கியிருப்பதால் அதைப் பார்க்கப் போகவேண்டும் என்கிறார். இன்னொருவர், ஐந்து ஏர்மாடு வாங்கியிருப்பதால் அவற்றைச் சோதித்துப் பார்க்கவேண்டும் என்கிறார். மூன்றாமவர் தமக்குக் கல்யாணமாகிவிட்டது என்கிறார். வில்லங்கச் சான்று எடுத்து, தாய்ப்பத்திரம் பார்த்து, நான்கு எல்லையையும் நடந்து பார்த்த பிறகே முன்பணம் கொடுக்கும் தமிழ் வாசகருக்கு, வாங்கி முடித்தபின் நிலம் பார்க்கப் போகிறவரின் சொல் எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பது உடனே விளங்கிவிடும். பல்லைப் பிடித்துப் பார்க்காமலும் சுழி பார்க்காமலும் பத்து மாடு வாங்கியவரைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. முதல் இருவரும் மன்னிப்புக் கேட்டுக்கொள்ள, மூன்றாமவர் மட்டும் அந்தச் சம்பிரதாயமும் இல்லாமல் வரமுடியாது என்று முடித்துக்கொள்கிறார். உரையாசிரியர்கள் இதற்குப் பல விளக்கங்கள் தரக்கூடும். மணமானவர்களுக்கு விளக்கம் தேவைப்படுவதில்லை.

கவனச்சிதறலுக்கு வரலாறு காட்டும் கைகண்ட மருந்து சிறைவாசம். பவுல் அப்போஸ்தலரின் நிருபங்களில் எபேசியர், பிலிப்பியர், கொலோசெயர், பிலேமோன் ஆகிய நான்கும் சிறையிருப்பின் நிருபங்கள் என்றே வழங்கப்படுகின்றன. 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனெரி சீகன்பால்கு, அங்கிருந்த டேனிஷ் ஆளுநரின் கோபத்துக்கு ஆளாகி, 1708ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து நான்கு மாதம் கோட்டைக்குள் அடைபட்டுக் கிடந்தபோதும் எழுதுவதை விடவில்லை. அவர் மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் அச்சேறி முடிந்தது. இங்கிலாந்தின் ஜான் பனியன், உத்தரவின்றிப் பிரசங்கித்த குற்றத்துக்காக 1660 முதல் 1672 வரை பெட்ஃபோர்டு சிறையில் இருந்தார்; அதன் பயனாகக் கிடைத்த 'மோட்சப் பிரயாணம்' 1678இல் வெளிவந்தது. அந்நூலில் வரும் மாயச் சந்தையில் எதையும் வாங்காமல் கடந்துபோக முயன்ற யாத்திரிகர் இருவரையும் சந்தைக்காரர்கள் பிடித்துக் கூண்டில் அடைக்கிறார்கள். அவர்களில் உண்மையுள்ளவன் என்ற பெயர் கொண்டவன் உயிரையே இழக்கிறான். ஒன்றும் வாங்காமல் வெளியேறுவது எக்காலத்துச் சந்தையாலும் மன்னிக்கப்படாத குற்றம் என்பதைப் பனியன் மூன்றரை நூற்றாண்டுக்கு முன்பே கண்டுகொண்டார். இதே கதையைத் தழுவி எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் காவியத்தை 1894இல் வெளியிட்டார். இத்தனை சான்றுகள் இருந்தும் இக்காலத்துச் சபையாருக்குச் சிறையைப் பரிந்துரைக்க முடியவில்லை. சிறைக்குள்ளும் கைபேசி பிடிபடுவதாகச் செய்தித்தாள்கள் எழுதுகின்றன.

பிரசங்க நேரத்தில் உறங்குதல் இங்கு விரிவாக ஆராயத்தக்கதன்று. துரோவா பட்டணத்தில் பவுல் நள்ளிரவு வரை பேசிக்கொண்டே போனதால் மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து உறங்கி விழுந்த ஐத்திகு என்னும் வாலிபன் அத்துறையின் முன்னோடி. அவன் உயிரோடு எழுப்பப்பட்டான் என்பது நினைவில் நிற்கும் அளவுக்கு, அதன் பிறகும் பவுல் விடியும்வரை பேசினார் என்பது நினைவில் நிற்பதில்லை. இரண்டாம் செய்தியை மட்டும் முன்னுதாரணமாகப் பிடித்துக்கொண்ட பிரசங்கிமார், 'முடிவாக ஒரு வார்த்தை' என்று சொன்னபின் இன்னும் மூன்று பகுதிகளை விளக்குகிறார்கள்.

இனிச் சபையின் வேலைகளுக்கு வருவோம். அறுப்பின் பண்டிகை என்பது விளைச்சலின் முதற்பலனை ஆண்டவருக்குப் படைக்கும் நாள். படைக்கப்பட்டவற்றை ஆராதனை முடிந்தபின் ஆலய வளாகத்தில் ஏலம் விட்டு வரும் பணத்தைச் சபைக் கணக்கில் சேர்ப்பது வழக்கம். வாழைத்தார், பூசணிக்காய், முருங்கைக்காய்க் கட்டு, கால் கட்டப்பட்ட நாட்டுக்கோழி எனப் பொருள்கள் மேசைமேல் ஏறும். ஏலம் விடுபவர் 'ஒரு தரம்' என்று சொல்லி, 'ரெண்டு தரம்' என்று இழுத்து, அடுத்த சொல்லை வாய்க்குள் வைத்துக்கொண்டு கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்க்கும் அந்த இடைவெளியில் விழும் நிசப்தம், அன்று காலை எந்த ஜெபத்தின்போதும் விழாத நிசப்தமாகும். சந்தையில் சில நூறு ரூபாய் பெறும் கோழி, இரண்டு குடும்பங்களுக்கு இடையே பழைய வேலித் தகராறு ஒன்று இருக்கும் பட்சத்தில், ஆயிரங்களைத் தொட்டுவிடும். வென்றவர் அதைச் சபைக்கே திருப்பிக் கொடுப்பதாக அறிவிக்க, கோழி மறுபடி மேசைக்கு வரும். தோற்றவர் இம்முறை விட்டுக்கொடுக்க மாட்டார். அன்றைய அருளுரையின் பொருள் என்னவென்று மறுநாள் கேட்டால் விழிப்பவர்கள்கூட, அந்தக் கோழி எத்தனை முறை ஏறியது, கடைசியாக எவ்வளவுக்குப் போனது என்பதைப் பிசகின்றிச் சொல்வார்கள்.

சாப்பாடு என்று பொருள்படும் அசனத்தின் பெயரால் வழங்கும் அசனப் பண்டிகையைக் குறைசொல்ல எழுதுகோல் கூசுகிறது. சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் பரிமாறப்படும் அந்தப் பந்தியில்தான், பல ஊர்களில், அடுத்த தெருவின் பிற சமயத்தாரும் வந்து அமர்ந்து உண்கிறார்கள். ஆண்டு முழுதும் நடக்கும் நிகழ்ச்சிகளில் அழைப்பிதழும் கைப்பிரதியும் இல்லாமல் அயலார் தாமாக உள்ளே வருவது இது ஒன்றுக்கே எனலாம். அந்நேரத்திலும் பொறுப்பாளர்கள் அண்டாவருகே நின்று அடுத்த பந்திக்குக் கறி காணுமா காணாதா என்ற கவலையில் மூழ்கியிருப்பதால், வந்தவரிடம் நலம் விசாரிக்கவும் ஆளில்லை.

கீத பவனியின் நிலைமை வேறு. கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய வாரங்களில் பாடகர் குழு வேனில் ஏறி, ஒலிபெருக்கியுடன் வீடு வீடாகச் சென்று பாடி, ஜெபித்து, கேக்கும் தேநீரும் பெற்றுத் திரும்புவதே கீத பவனி. பெத்லகேமின் வயல்வெளியில் தேவதூதன் மேய்ப்பர்களுக்குச் சொன்னது எல்லா ஜனத்துக்கும் உரிய செய்தி. கீத பவனியோ சபைச் சந்தாப் பட்டியலில் உள்ள வீடுகளுக்கு மட்டும் உரியது. இரண்டு சபை வீடுகளுக்கு நடுவே குடியிருக்கும் பிற சமயத்து அன்பருக்கு நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு இந்தப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டும், ஒன்றேகாலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டும் கிடைக்கின்றன. அவர் வீட்டு வாசலில் மட்டும் வேன் நிற்பதில்லை. இரட்சகர் பிறந்த செய்தியில் அவருடைய பங்கு தூக்கம் கெட்டது மட்டுமே.

கைபேசி ஊழியமும் இதே இலக்கணத்தில் அடங்கும். விடியற்காலையில் ரோஜாப் பூவும் சூரியோதயமும் பின்னணியாக அமைந்த 'இன்றைய வாக்குத்தத்தம்' (வாக்குத்தத்தம் என்பது இறைவன் தரும் உறுதிமொழியாகக் கொள்ளப்படும் வேதவசனம்) வாட்ஸ்அப்பில் குடும்பக் குழுவுக்கும், பெண்கள் ஐக்கியக் குழுவுக்கும், பாடகர் குழுவுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பப்படுகிறது. பெறுகிறவர்கள் அனைவரும் அதை மனப்பாடமாக அறிந்தவர்கள். அவர்கள் 'ஆமென்' என்று பதில் எழுதி, தம் குழுக்களுக்கு அனுப்ப, மதியத்துக்குள் அந்த வசனம் புறப்பட்ட கைபேசிக்கே வந்துசேர்கிறது. அனுப்பியவர் அதைக் கர்த்தர் தம்மோடு இரண்டாம் முறை பேசியதாக எடுத்துக்கொள்கிறார்.

அயலாரை நேரே சென்றடையும் பழைய முறையாகிய கைப்பிரதியையும் நடுநிலையோடு நோக்கவேண்டும். கைப்பிரதி என்பது நற்செய்தியைச் சுருக்கமாக அச்சிட்டு இலவசமாக வழங்கும் மடிப்புத்தாள். தலைப்பு பெரும்பாலும் திடுக்கிடவைக்கும் கேள்வியாக அமையும். பேருந்தைப் பிடிக்க ஓடுகிறவரை வழிமறித்து, 'நீங்கள் எங்கே போகிறீர்கள்?' என்ற தாளை நீட்டினால், தூத்துக்குடி மாவட்டத்தில் அவர் 'நாசரேத்துக்கு' என்று பதில் சொல்லிவிட்டு ஏறிவிட வாய்ப்புண்டு. இறையியல் நோக்கில் அந்த விடையைத் தவறென்று தள்ளவும் முடியாது. 1799இல் உருவான முதலூர் தொடங்கி மெஞ்ஞானபுரம், கிறிஸ்தியாநகரம், சுவிசேஷபுரம் என்று இப்பகுதியில் ஊர்களுக்குப் பெயர் வைத்தவர்கள் வருங்காலச் சந்ததியின் சோம்பலை முன்னறிந்திருந்தார்கள் போலும். இன்று நெடுஞ்சாலைத் துறையின் பச்சைப் பலகைகள் செய்யும் ஊழியத்தை அவ்வூர்களின் பட்டதாரிகள் பலர் செய்வதில்லை. இந்திய அரசியலமைப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, பொது ஒழுங்கு, நன்னெறி, உடல்நலம் ஆகியவற்றுக்கு உட்பட்டு, மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தந்துள்ளது. அந்த உரிமைக்கு ஆபத்து வந்துவிட்டதாகக் கண்டனக் கூட்டம் போடுகிறவர்களில் எத்தனை பேர் அதை ஒரு முறையேனும் பயன்படுத்தினார்கள் என்று கணக்கெடுத்தால் மேடையில் நாற்காலிகள் மிஞ்சக்கூடும்.

இதே மண்ணில் நிலைமை வேறாக இருந்த காலமும் உண்டு. வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா முதலானோர் முன்னின்று, 1903 பிப்ரவரி 12 அன்று திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினர். வெளிநாட்டுப் பணத்தை எதிர்பாராமல் உள்ளூர்க் காணிக்கையைக் கொண்டு, உள்ளூர் ஆட்களையே தெலுங்கு நாட்டிலுள்ள தோர்ணக்கல்லுக்கு அனுப்பினர். சென்றவர்கள் அந்நிய மொழியைக் கற்று, அங்குள்ள ஏழைகளின் நடுவே வாழ்ந்தனர். 1912இல் தோர்ணக்கல்லின் பேராயராகி, இந்தியரில் முதல் ஆங்கிலிக்கப் பேராயர் என்ற இடத்தைப் பெற்ற அசரியா, ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தங்கள் தலைமேல் கைவைத்து, நற்செய்தியைச் சொல்லாவிட்டால் தங்களுக்குக் கேடு என்று அறிக்கையிடச் செய்தார். எழுத்தறியாத கூலியாட்களும் சொன்ன அறிக்கை அது. தலையில் கைவைக்கும் வழக்கம் சபைகளில் இன்றும் மறைந்துவிடவில்லை. திருமண்டலத் தேர்தல் முடிவு வெளியாகும் இரவில் அதைக் காணலாம்.

திருமண்டலம் என்பது ஒரு பேராயரின் ஆளுகைக்கு உட்பட்ட சேகரங்களின் கூட்டு. அதன் மன்றங்களுக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் தேர்தலில் அணிகள் உண்டு, சுவரொட்டிகள் உண்டு, வழக்குகள் உண்டு. வழக்குகள் முற்றியதால் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதியை நிர்வாகியாக நியமித்த திருமண்டலங்களும் உண்டு. ஆனால் நற்செய்தி அறிவிப்பில் அக்கறையுள்ளவர்கள் இத்தேர்தலை வெறுத்து ஒதுக்கக் கூடாது. ஏனெனில் ஊழியப் பயிற்சி வகுப்புகள் கற்றுத்தர முயலும் அத்தனையும் இங்கே செயல்வடிவில் கிடைக்கின்றன. வேட்பாளர் வெயிலைப் பார்க்காமல் ஒவ்வொரு வீட்டுப் படியும் ஏறுகிறார். பத்தாண்டு ஆலயத்துக்கு வராதவரின் பெயரையும், அவர் மகள் எந்தக் கல்லூரியில் படிக்கிறாள் என்பதையும், அவர் தாயாரின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்பதையும் அறிந்து வைத்திருக்கிறார். முகத்தில் அடித்தாற்போல் பேசினாலும் சிரித்துக்கொண்டே மறுநாள் மீண்டும் வருகிறார். கூச்சம், நேரமின்மை, பேச்சுத்திறன் போதாமை என்று நற்செய்தி சொல்லாமைக்குக் கூறப்படும் காரணங்களில் ஒன்றுகூட அவருக்குத் தடையாவதில்லை.

ஆக, ஆளும் உண்டு, முறையும் உண்டு, செருப்பும் தேய்ந்தே இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு மட்டும் வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லை. அதைப் பொருட்படுத்தாமல், அடுத்த தேர்தல் அறிவிப்பு வருவதற்குள், வாசகர்கள் ஒருநாள் மாலை கைபேசியை வீட்டிலேயே வைத்துவிட்டு அந்தப் படியையும் ஏறிப் பார்க்கலாம். டிசம்பர் மாதத் தூக்கத்துக்காக ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பேச்சைத் தொடங்குவது நல்லது.