பெப்பருக்குப் பரீட்சை

கேரி, வட கரோலினா
ஞாயிறு மாலை

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

 

போன வாரம் போனில் நீங்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "நாய்க்குப் பள்ளிக்கூடமா? ஃபீஸ் வேற கட்டுறியா? பிரம்பு யாரு கையில இருக்கும்?" என்று கேட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் போனைச் சித்தியிடம் கொடுத்துவிட்டீர்கள். இந்நேரம் டீக்கடையில் அது ஒரு கதையாகி, நான் நாய்க்குச் சீருடை தைத்துப் போட்டு வேனில் அனுப்புவதாக வளர்ந்திருக்கும். போகிற கதை சரியான விவரத்தோடு போகட்டும் என்றுதான் இந்தக் கடிதம். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பாதியிலேயே கண்ணாடியைத் தேடுவீர்கள்.

ஆமாம், எங்கள் பெப்பருக்கு ஃபீஸ் கட்டுகிறேன். பிரம்பு கிடையாது. இடுப்பில் ஒரு சின்னப் பை, அதற்குள் அவித்த கோழித் துண்டு. கையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா. அமுக்கினால் 'டிக்' என்று சத்தம் வரும். நாய் சரியாக ஒன்றைச் செய்கிற அந்த நொடியில் 'டிக்', அடுத்து ஒரு துண்டு கோழி. முழு வித்தையும் அந்த நொடியில்தான் இருக்கிறது. உட்கார்ந்ததற்கு அமுக்க வேண்டியதை ஒரு கணம் தாமதித்து அமுக்கினால், எழுந்ததற்குத்தான் கோழி கிடைத்தது என்று நாய் முடிவு கட்டிவிடும். அப்புறம் நீங்கள் 'உட்கார்' என்றால் அது எழுந்து நின்று உங்கள் பையைப் பார்க்கும்.

அந்தக் காலத்தில் இங்கேயும் கழுத்தை இறுக்குகிற சங்கிலிதான். வெட்டி இழுத்தால் நாய் புரிந்துகொள்ளும் என்பது அப்போதைய சாஸ்திரம். ஸ்கின்னர் என்ற உளவியல்காரரிடம் படித்த கெல்லர் பிரிலண்ட், மரியன் பிரிலண்ட் என்ற தம்பதி 1940களில் அதை விட்டு வேறு வழியில் போனார்கள். அந்த வழியை ஊரெல்லாம் பரப்பியவர் கேரன் பிரயர் என்ற அம்மாள், 1984இல் வந்த ஒரு புத்தகத்தின் மூலம். அவர் அதற்கு முன்னால் ஹவாய்த் தீவில் டால்பின்களைப் பழக்கிக்கொண்டிருந்தவர். டால்பினுக்குச் சங்கிலி போட முடியுமா? முறைத்தால்கூட அது தண்ணீருக்குள் போய்விடும். கையில் இருப்பது ஒரு விசிலும் ஒரு வாளி மீனும்தான். அடிக்கவே முடியாத பிராணியிடம் மனுஷன் வேறு வழியில்லாமல் கண்டுபிடித்த மரியாதை, சுற்றி வளைத்து நாய்க்கும் கிடைத்துவிட்டது. பிள்ளைகளுக்கு எப்போது வந்து சேருமோ தெரியவில்லை.

வகுப்பு நடப்பது ரப்பர் விரித்த ஒரு கூடத்தில். டீச்சருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நாயை ஒரு வார்த்தை சொல்லமாட்டார். திட்டு எல்லாம் கயிற்றின் இந்த முனைக்குத்தான். போன மாதம் அம்மாவும் கூட வந்தாள், வேடிக்கை பார்க்க. "ஒரு தடவைதான் சொல்ல வேண்டும். நாலு தடவை சொன்னால் நாலாவதுதான் உத்தரவு, முதல் மூன்றும் வெறும் சத்தம் என்று நாய் கற்றுக்கொள்ளும்" என்று டீச்சர் சொன்னதை அம்மாவுக்கு மொழிபெயர்த்தேன். அம்மா அரை நிமிஷம் யோசித்தாள். "சாப்பிட வாங்க, சாப்பிட வாங்கன்னு நாலு தடவை கூப்பிட்டாத்தானே உங்கப்பா ஈஸிசேரை விட்டு எந்திரிப்பாரு. இதை அப்பவே யாராவது எனக்குச் சொல்லிக் குடுத்திருக்கலாம்" என்றாள். உங்கள் அண்ணனைப் பற்றி மதினி சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். என்மேல் வருத்தப்பட வேண்டாம்.

இனி பரீட்சை விஷயம். அமெரிக்கன் கென்னல் கிளப் என்று ஒரு பெரிய சங்கம் இருக்கிறது. அதன் அலுவலகம் ஒன்று எங்கள் பக்கத்து ஊரான ராலேயிலேயே இருக்கிறது. அவர்கள் 1989இல் 'நல்ல குடிமக்கள்' சான்றிதழ் ஒன்றை ஆரம்பித்தார்கள். மக்கள் என்றால் நாய்மக்கள். பத்துத் தேர்வு. அதற்கு முன்னால் நாயின் சொந்தக்காரர் ஓர் உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டும்: வைத்தியம் பார்ப்பேன், அடுத்தவருக்குத் தொந்தரவு வராமல் பார்த்துக்கொள்வேன், பொது இடத்தில் அது இருந்த அசிங்கத்தை நானே அள்ளுவேன் என்கிற ரீதியில். இந்தக் கடைசி விஷயத்தில் இங்கே டாக்டர், வக்கீல், பேராசிரியர் என்ற பேதமே கிடையாது. காலை ஆறு மணிக்கு எல்லோர் கையிலும் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கும். அதை ஆட்டிக்கொண்டே "குட் மார்னிங்" சொல்லிப் போவார்கள். முதல் வாரம் அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "இதுக்காடா எம்.எஸ். படிச்சே?" என்று கேட்டாள்.

பத்துத் தேர்வையும் படித்துப் பார்த்தபோது எனக்கு நம்முடைய தெருதான் கண்முன் வந்தது. ஓர் அந்நியர் வந்து உங்களோடு பேசுவார், நாய் பாயக் கூடாது. அவர் அதைத் தடவிக்கொடுப்பார், காதைப் பார்ப்பார், முன்னங்காலைத் தூக்கிப் பார்ப்பார், பேசாமல் இருக்க வேண்டும். நாலைந்து பேர் நடமாடுகிற இடத்தில் ஒழுங்காக நடந்து வர வேண்டும். கூப்பிட்டால் வர வேண்டும். எதிரே இன்னொருவர் நாயோடு வருவார். நீங்கள் இருவரும் கைகுலுக்கி நாலு வார்த்தை பேசும்வரை இரண்டு நாய்களும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் நிற்க வேண்டும். பின்னால் யாராவது நாற்காலியைத் தடாலென்று தள்ளுவார்கள், ஊன்றுகோலைக் கீழே போடுவார்கள், இல்லாவிட்டால் குறுக்கே ஓடுவார்கள். திரும்பிப் பார்க்கலாம், பதறக் கூடாது, குரைக்கக் கூடாது. கடைசியில் உங்களை மூன்று நிமிஷம் கண்ணுக்கு மறைவாகப் போகச் சொல்வார்கள். அதுவரை நாய் வேறொருவர் கையில் ஊளையிடாமல் இருக்க வேண்டும்.

இதில் எதை நம் பஸ் ஸ்டாண்ட் டீக்கடை நாய் மணிக்கு யார் சொல்லிக்கொடுத்தது, சித்தப்பா? அந்நியர், கூட்டம், சத்தம், தனிமை எல்லாம் அதற்குப் பிறந்த அன்றைக்கே ஆரம்பித்த பாடம். இங்கே நாய்க்குத் தெருவே கிடையாது. வீட்டுக்குள் கம்பளம், வீட்டுக்கு வெளியே வேலி, வேலிக்கு வெளியே கயிறு. பார்சல் கொண்டுவருகிறவரும் அணிலும்தான் அது பார்க்கிற வெளியுலகம். கூட்டத்தையே பார்க்காத பிராணி கூட்டத்தைப் பார்த்தால் என்ன செய்யும்? அதனால் வாரம் ஒருநாள் காசு கொடுத்து ஒரு தெருவை ஏற்பாடு செய்கிறோம். ஒருவர் வழிப்போக்கராக நடிப்பார். ஒருவர் நாற்காலியைத் தள்ளுவார். எனக்கு வகுப்பில் கிடைத்த வேலை அலுமினியத் தட்டைக் கீழே போடுவது. நம் வீட்டில் வளர்ந்தவனுக்கு அதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

மணியைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். எட்டாவது தேர்வில் அது கட்டாயம் ஃபெயில்: அடுத்த தெரு நாய் எதிரே வந்தால் கைகுலுக்குகிற வரை அது காத்திருக்காது. காலைத் தூக்கிப் பார்க்க வருகிற அதிகாரிக்குத் தொப்புளைச் சுற்றி என்று அந்தக் காலத்தில் சொல்வோமே, அந்த ஊசி நினைவுக்கு வரும். இங்கே ரேபிஸ் ஊசி போட்டதற்கான வில்லை பெப்பர் கழுத்தில் எப்போதும் தொங்குகிறது. அந்த ஒரு விஷயத்தில் நம்மூர்ப் பஞ்சாயத்துக்கு இவர்களைக் காட்டிப் பேசலாம்.

'என்ன ஜாதி நாய்?' என்றும் கேட்டிருந்தீர்கள். காப்பகத்திலிருந்து எடுத்து வந்தது. நாலைந்து ஜாதி கலந்திருக்கும் என்று ஒவ்வொருவரும் ஒன்றைச் சொல்கிறார்கள். எச்சிலை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் தாத்தா பாட்டி வரைக்கும் எழுதித் தருவார்களாம். நான் அனுப்பவில்லை. நல்ல குடிமக்கள் சான்றிதழுக்கு ஜாதி பார்ப்பதில்லை. ஆனால் அந்தச் சங்கத்தின் கீழ்ப்படிதல் போட்டியில் கலப்பு நாய்களை 2010 வரை வளையத்துக்குள்ளேயே விடவில்லை. ஜாதிச் சான்றிதழ் கேட்கிற வழக்கம் நம்மோடு முடிந்துவிடவில்லை என்று தெரிந்தபோது ஒரு சின்ன ஆறுதல்தான்.

அந்தப் போட்டியை ஒருநாள் போய்ப் பார்த்தோம். இது தெருவுக்கும் வீட்டுக்கும் சம்பந்தமே இல்லாத வேறு உலகம். 1933 அக்டோபரில் நியூயார்க் மாநிலத்து மவுண்ட் கிஸ்கோவில் எட்டே நாய்களோடு தொடங்கியது. ஹெலன் வைட்ஹவுஸ் வாக்கர் என்ற பெண்மணி பூடில் நாய் வளர்த்தார். முடி வெட்டி அலங்காரம் செய்த நாய்க்கு மூளை ஏது என்று கேலி பேசியவர்களுக்குக் காட்டத்தான் போட்டி வைத்தாராம். 1937இல் அவரும் பிளான்ச் சாண்டர்ஸ் என்ற தோழியும் மூன்று பூடில்களை ஏற்றிக்கொண்டு, காருக்குப் பின்னால் ஒரு டிரெய்லரைக் கட்டி, சுமார் 10,000 மைல் ஊர் ஊராகப் போய் வித்தை காட்டிவிட்டு வந்தார்கள். வைராக்கியம் என்றால் அது.

தொடக்க நிலையில் மொத்தம் 200 மதிப்பெண். பாஸாக 170 வேண்டும், அதோடு ஒவ்வொரு பயிற்சியிலும் பாதிக்கு மேல். நடுவர் "ஃபார்வர்ட்" என்றால் நடக்க வேண்டும், "ஹால்ட்" என்றால் நிற்க வேண்டும். நீங்கள் நின்ற கணமே நாய் உங்கள் இடது காலை ஒட்டித் தானாக உட்கார வேண்டும். கொஞ்சம் கோணலாக உட்கார்ந்தால் அரை மார்க் போச்சு. இரண்டு பேரை எட்டடி இடைவெளியில் தூணாக நிறுத்தி, அவர்களைச் சுற்றி எட்டுப் போடச் சொல்கிறார்கள், நம் ஆர்.டி.ஓ. ஆபீஸில் பைக்குக்குப் போடச் சொல்கிற அதே எட்டு, ஆனால் இங்கே புரோக்கர் கிடையாது. வளையத்துக்குள் தீனி கொண்டுபோகக் கூடாது. தூரத்தில் இருக்கிற நாயைக் கூப்பிடும்போது ஒரே ஒரு முறைதான் கூப்பிடலாம். இரண்டாம் முறை கூப்பிட்டால் அத்தோடு சரி. அம்மா இதைக் கேட்டதும் "அப்படின்னா நம்ம வீட்ல ஒருத்தரும் பாஸாக மாட்டீங்க" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

குறைந்தது இரண்டு வெவ்வேறு நடுவர்களிடமாக மூன்று முறை பாஸானால் நாயின் பேருக்குப் பின்னால் சி.டி. என்று பட்டம் போட்டுக்கொள்ளலாம். அதற்கு மேலே இன்னும் பட்டங்கள் உண்டு. உங்கள் நாய்க்காக 'வெள்ளையன், சி.டி.' என்று கேட்டில் பலகை மாட்டினால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

மேல் வகுப்பில் நான் அசந்துபோன பயிற்சி ஒன்று. ஒரே மாதிரியான தோல் கட்டைகளும் உலோகக் கட்டைகளும் தரையில் கிடக்கின்றன. எஜமானி அதில் ஒன்றைக் கையால் தேய்த்துக் கொடுக்க, அதை இடுக்கியால் எடுத்துப் போய் மற்றவற்றோடு வைக்கிறார்கள். நாய் போய் ஒவ்வொன்றாக மோந்து, அவள் கை பட்ட கட்டையை மட்டும் கவ்விக்கொண்டு வந்தது. முதுகு வளைந்த கிழவி ஒருத்தியின் நாய் அது. கூடத்தில் இருமல் சத்தம்கூட இல்லை. உங்கள் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கண்ணால் பார்த்து ஓடுகிற ரகம். இந்த ஒரு விஷயத்தில் தோற்றுவிடும் என்று நினைக்கிறேன். அதே கூடத்தின் அடுத்த வளையத்தில் ஒரு பீகிள், எஜமானர் கம்பீரமாக நடந்துகொண்டிருக்க, தான் பாட்டுக்கு ஓரத்தில் நின்று தடுப்புப் பலகையை மோந்துகொண்டிருந்தது. அவர் பாதி தூரம் தனியாகவே நடந்தார். எனக்கு என்னவோ அந்த பீகிளைத்தான் பிடித்திருந்தது. அரை மார்க் கணக்குப் பார்ப்பது அழகுதான். வாழ்நாளில் பாதியை அதற்குக் கொடுக்க எனக்குத் தெம்பில்லை. பெப்பருக்கு அந்தப் பத்துத் தேர்வு போதும். அடுத்த மாதம் எழுதுகிறது.

வெள்ளையன் வருகிறவர்கள் மேலெல்லாம் பாய்கிறான், பால்காரர் வாசலுக்கே வர மறுக்கிறார் என்று சித்தி சொன்னாள். முழங்காலால் இடிக்க வேண்டாம், கத்தவும் வேண்டாம். அதையும் அவன் விளையாட்டாகத்தான் எடுத்துக்கொள்வான். அவன் பாயும்போது எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். நாலு காலும் தரையில் பட்ட உடனே ஒரு சின்னத் துண்டு அவித்த ஈரல். கூப்பிடும்போதும் ஒரே தடவை கூப்பிட்டு, வந்தால் ஒரு துண்டு. வந்ததும் கட்டிப்போடுவதற்காகவே கூப்பிடாதீர்கள், அடுத்த தடவை வரமாட்டான். பால்காரரிடமும் நாலு துண்டு கொடுத்து வையுங்கள்.

ஈரல் வாங்குகிற பொறுப்பைச் சித்தியிடம் விடுங்கள். டாக்டர் உங்களுக்கு ஈரல் கூடாது என்றிருக்கிறார். வாங்குவதில் எத்தனை துண்டு வெள்ளையனுக்குப் போய்ச் சேருகிறது என்று தனியாக எனக்கு எழுதச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மகன்
முருகேசன்