மாமல்லபுரத்தில் மன்னர் பரம்பரை

பல்லவர்கள் பாறை பாறையாகச் செதுக்கியது எதற்கென்று மாமல்லபுரத்துக்குப் பிள்ளைகளோடு வரும் அப்பாக்களைக் கேட்க வேண்டும். வெண்ணெய் உருண்டைப் பாறையடிச் சரிவில் பிள்ளை சறுக்கிச் சறுக்கிக் கால்சட்டையைத் தேய்த்துக்கொண்டிருக்கும். அப்பா விடமாட்டார். "நரசிம்மவர்மன் காலத்துல... 1984ல யுனெஸ்கோ..." என்று ஆரம்பிப்பார். "ஐஸ்கிரீம் எப்பப்பா?" என்று பதில் வரும்.

இத்தனைக்கும் அர்ச்சுனன் தபசுப் பாறையில், யானைக்குப் பக்கத்திலேயே ஒரு பூனை முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறது. ஏமாந்த எலிகள் சுற்றி நிற்கின்றன. ஏழாம் நூற்றாண்டுச் சிற்பிக்குப் பிள்ளைகளைத் தெரிந்திருக்கிறது, கூட்டிவந்தவருக்குத்தான் தெரியவில்லை. அதன் முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு செல்ஃபி எடுக்கிறார்.

ஐயா, முதலில் பூனையைக் காட்டுங்கள். மன்னர் பெயரைப் பரீட்சைக்கு முந்தின நாள் அவர்களே படித்துக்கொள்வார்கள்.